பேச்சுத்துணை

குறட்டை விடுகிற ஆளோடு ஒரே வண்டிக்குள் படுத்துத் தூங்க ஒரு வழிதான் இருக்கிறது மேடம். அவருக்கு முன்னால் நாம் தூங்கிவிட வேண்டும். என் மைத்துனனும் நானும் இதற்குப் போட்டியே போடுவோம். அவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நான் போர்வைக்குள் புகுந்துவிடுவேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. சில நாள் பல் விளக்காமலே படுத்துவிடுவான். ஊரில் பாதிப் பேருக்குப் பல்செட் செய்துகொடுத்தவன் தன் பல்லை வைத்திருந்த லட்சணம் அது.

எங்களுக்குள் சண்டை சச்சரவு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. இவ்வளவுதான்.

காலையிலிருந்து நீங்கள் கல்லைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கல் எங்கிருந்து உருண்டது, நான் வண்டியை எவ்வளவு வேகமாக எடுத்தேன், தெரிந்து ஏற்றினேனா தெரியாமல் ஏற்றினேனா. உங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் சரியான தெருவுக்கு வந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். எனக்கும் வாய்விட்டுப் பேசி நாளாகிறது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெறும் வரை மற்றவர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கினேன், நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தேன். என் மனைவி அப்படித்தான் கேலி செய்வாள். அந்த வேலையில் வெளியே தெரியாத ஒரு பகுதி உண்டு. லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், ஒருவன் மேலே மோட்டார் அறைக்குப் போவான், இன்னொருவன் கதவருகே நின்று உள்ளே இருப்பவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டும். பயத்தில் அவர் கதவை நெம்பக் கூடாது, மயங்கி விழக் கூடாது. அதற்காக. 'பதட்டப்படாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க' என்று முதலில் சொல்ல வேண்டும். ஆள் கிளம்பியே இருக்காவிட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அதைப் பொய்க் கணக்கில் சேர்க்கவே மாட்டார்.

பேசுவதற்கு எப்போதும் என்னைத்தான் நிறுத்துவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டில் நிற்கிற மனிதர் நம்மிடம் என்னென்ன சொல்வார் தெரியுமா? பெற்ற பிள்ளையிடம் சொல்லாததைச் சொல்வார். 'இருக்கீங்களா, இருக்கீங்களா' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கதவு திறந்ததும் தலைமுடியைச் சரி செய்துகொண்டு, நம்மைத் தாண்டி நடந்து போய்விடுவார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தப்பு சொல்லவில்லை, அவரவருக்கு ஆயிரம் வேலை. ஒரு முறை ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டார். கோளாறு சரியாகிவிட்டது என்று மேலேயிருந்து சைகை வந்துவிட்டது. அந்த அம்மாளோ தன் மகன் எப்படிப் பேச்சை நிறுத்தினான் என்று பாதியில் இருந்தார். நான் கையைக் காட்டி, கொஞ்சம் பொறு என்றேன். ஒருவர் மனம் திறந்து பேசும்போது நடுவில் கதவைத் திறப்பது மரியாதை இல்லை அல்லவா?

சரி, வண்டிக்கு வருகிறேன்.

மனைவி போன பிறகு வீட்டில் பேசுகிற ஜீவன் ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் விட்டு விட்டுத்தான் பேசும். பிள்ளைகள் இல்லை. நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் எல்லாம் தம்பதியாக வந்து போனவர்கள். ஜோடியில் ஒன்று குறைந்ததும் அவர்களுக்கு என்னை எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. மைத்துனன் மட்டும் வந்தான். அவனும் மனைவியை இழந்தவன். கடிகாரத்தைப் பார்க்காமல் உட்காருவான். அவன்தான் ஒரு நாள் சொன்னான்.

"அத்தான், இப்படியே சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்தா சுவருக்கே போரடிச்சிடும். ஒரு வண்டி வாங்குங்க. ஊர் சுத்தலாம்."

வாங்கினேன். பழைய ஃபோர் வீல் டிரைவ் வேன். நான்கு சக்கரமும் இழுக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க இருவரும் அதற்குள் உட்கார்ந்து இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி எல்லாம் பொருத்தினோம். அலமாரிக் கதவுகளுக்கு நான் லிஃப்ட் கதவுக் கொக்கிகளையே போட்டேன். முன்னால் ஒரு வின்ச். இரும்புக் கம்பிவடம் சுற்றிய உருளை, பட்டனை அழுத்தினால் சேற்றில் புதைந்த வண்டியைத் தானே இழுத்துக்கொள்ளும். அதை நான் என் கையால் பிரித்து, கிரீஸ் போட்டு, மாட்டினேன். அவ்வளவு எடையைத் தூக்குவது, இறக்குவது எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மலைக் கணவாய்களுக்குத்தான் போவோம். தார்ச்சாலை முடிந்து கல்பாதை தொடங்குமிடத்தில் இறங்கி டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிடுவோம். டயர் தளர்ந்தால்தான் கல்லைக் கட்டிப் பிடிக்கும். பிறகு லோ கியர். நடந்து போகிற வேகம். இறக்கத்தில் பிரேக்கைத் தொடக் கூடாது, எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பின்னால் தட்டு, டம்ளர், சர்க்கரை டப்பா எல்லாம் ஒன்றோடொன்று வாக்குவாதம் செய்துகொண்டே வரும்.

மோசமான இடங்களில் ஒருவர் இறங்கி முன்னால் நடந்து சைகை காட்ட வேண்டும். ஓட்டுகிறவனுக்கு முன்சக்கரம் தெரியாது. வானமும் வண்டியின் மூக்கும்தான் தெரியும். சைகை காட்டுபவன்தான் கண். இதற்கென்று ஊர் உலகத்தில் கை அடையாளங்கள் இருக்கின்றன. என் மைத்துனனுக்கு அவை பிடிக்கவில்லை. அவன் தொழில் புத்தி வேறு. வலப்பக்கம் திருப்பு என்றால் வலது கன்னத்தைத் தட்டுவான், இடப்பக்கம் என்றால் இடது கன்னம். வா என்றால் வாயை ஆவென்று திறப்பான். நில் என்றால் வாயைக் கையால் பொத்துவான். மலை உச்சியில், பாதாளத்தின் விளிம்பில், ஒரு பெரிய மனுஷன் வேனைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எத்தனையோ முறை சிரிப்பில் எனக்கு ஸ்டியரிங் நழுவப் பார்த்திருக்கிறது.

இந்தக் கடைசிப் பயணத்தின் முதல் நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா அத்தான். பேரன் பொறந்ததிலேர்ந்து நச்சரிப்பு. இந்த ட்ரிப் முடிஞ்சதும் கிளம்பிடலாம்னு இருக்கேன். வீட்டைக்கூட விக்கப் பேசி முடிச்சாச்சு."

"எவ்வளவு நாளைக்கு?"

"என்ன அத்தான், எவ்வளவு நாளைக்குன்னா? அங்கேயே தான். இந்த வயசுல போயிட்டுப் போயிட்டு வர, கடல் என்ன நம்ம தெரு முனையா?" பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "வாராவாரம் போன் பண்றேன். வீடியோல மூஞ்சியைக் காட்டறேன். இந்த மூஞ்சியைத் தினமும் பாக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

நான் சிரித்தேன். நல்ல விஷயம்தானே, போய்ட்டு வா மாப்ளே, என்றேன். பேரன் பெயரைக் கேட்டேன். உள்ளபடியே எனக்குச் சந்தோஷம்தான். அன்று தூங்கும் போட்டியில் அவனையே ஜெயிக்க விட்டேன்.

மறுநாள் புதுப் பாதையில் போவதாக இருந்தோம். அங்கே மலையைக் குடைந்து சுரங்கப்பாதை வந்த பிறகு பழைய கணவாயில் யாரும் போவதில்லை. அடிவாரத்தில் ஒரு சங்கிலி குறுக்கே கட்டியிருக்கும், பூட்டுக்கூட இல்லை. பழைய வழியாகவே போகலாம் என்று நான்தான் சொன்னேன். கடைசி ட்ரிப், கொஞ்சம் மெதுவாகப் போகட்டுமே என்று நினைத்தேன். அவன் இறங்கிச் சங்கிலியை அவிழ்த்தான். வண்டி நுழைந்ததும் நான் இறங்கிப் போய் அதை முன்பிருந்த மாதிரியே கட்டிவிட்டு வந்தேன். இதையும் உங்கள் ஆட்கள் சந்தேகமாகக் கேட்டார்கள். அது வெறும் ஒழுங்கு. திறந்த கதவை மூடுவது.

உச்சியைத் தாண்டி இறங்கும்போது பாதையின் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தது. அவன் இறங்கிக் கற்களைப் பொறுக்கிப் பள்ளத்தை நிரப்பினான். பிறகு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தான். நான் வந்தேன். காற்று வீசிற்று, ஒரே புழுதி. அவன் வாயைப் பொத்தினான். புழுதிக்காகப் பொத்துகிறான் என்று நினைத்தேன். நில் என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு முழ தூரத்தில் சக்கரம் ஓரத்துக் கல்லை மிதித்து, அதற்கு மேல் சரிவில் உட்கார்ந்திருந்த பாறை அசைந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. வயதானவர் நாற்காலியில் உட்காருவது போல மெதுவாக இறங்கி, அவன் கால்மேல் உட்கார்ந்துவிட்டது.

கல்லைப் பற்றி இவ்வளவுதான் மேடம். அது விபத்து. எங்கள் இரண்டு பேருடைய முட்டாள்தனத்தையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். இனிமேல் சொல்லப்போவதுதான் நீங்கள் கேட்காமல் விட்டது.

ஓடினேன். முழங்காலுக்குக் கீழே பிடித்திருந்தது. ரத்தம் அதிகம் இல்லை. முகம் வெளுத்துவிட்டதே தவிர, நல்ல நினைவோடு இருந்தான். பாறையைச் சுற்றி வந்து பார்த்தேன். எடை, சாய்மானம், இழுவைப் பட்டையை எங்கே சுற்றலாம், வடத்தை எந்தப் பக்கம் இழுக்கலாம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நான் கழித்த வருஷங்களுக்கு அது பெரிய வேலையே இல்லை. வண்டிக்குப் போய் வின்ச் வடத்தை உருவிக்கொண்டு வந்தேன். நிஜமாகவே தூக்கத்தான் வந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அப்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், எங்கேயும் போயிடாதீங்க. பக்கத்துலேயே இருங்க. எதையாவது பேசிக்கிட்டே இருங்க."

என்னிடம் யாரும் அப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? என் மனைவிகூட ஆஸ்பத்திரியில், 'நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க' என்றுதான் சொன்னாள். நான் வடத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் தூக்கலாம் என்றுதான்.

"பதட்டப்படாதே மாப்ளே. ஆள் வந்துகிட்டே இருக்காங்க," என்றேன்.

"யாரு அத்தான்? இங்கே ஏது சிக்னல்?"

"முன்னாடியே சொல்லி வச்சிருக்கேன். சாயந்திரத்துக்குள்ள வரலைன்னா தேடி வருவாங்க."

அப்படி யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. வின்ச் என்னாயிற்று என்று கேட்டான். ஃபியூஸ் போய்விட்டது என்றேன். அவன் நம்ப வேண்டுமே என்று வண்டிக்குப் போய் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அது பொய்யாக இருக்காது. நான் சொல்வதைக் கூடியவரை உண்மையாக வைத்துக்கொள்வது என் பழக்கம்.

அவனுக்குத் தலையணை வைத்தேன். இரண்டு போர்வையும் போர்த்தினேன், என்னுடையதையும் சேர்த்து. வண்டியிலிருந்து அடுப்பை இறக்கிவந்து டீ போட்டேன். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் டீயில் சாரம் இறங்காது. "இது டீயா, டம்ளர் கழுவின தண்ணியா?" என்றான். வலியிலும் அவன் வாய் அடங்கவில்லை. பிறகு பேசினோம். சின்ன வயதில் அக்காளின் செருப்பை அவன் கிணற்றில் போட்டதை, அதற்கு அவன் சித்தப்பா பையனை அடி வாங்க வைத்ததை, நான் பெண் பார்க்கப் போனபோது கதவிடுக்கில் நின்று என் பல்வரிசையைப் பார்த்து, 'ஆள் சுமார், பல்லு தேவலை' என்று அக்காளிடம் போய்ச் சொன்னதை. அதைக் கேட்டுத்தான் அவள் சம்மதித்தாளாம். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் அவள் எனக்குச் சொல்லாத விஷயம். கல் விழுந்திருக்காவிட்டால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நடுநடுவே கத்துவான். கத்தும்போது கையைப் பிடித்துக்கொள்வேன். அடங்கியதும், "இருக்கீங்களா அத்தான்?" என்பான். இருக்கேன் என்பேன். வளைவுக்கு அப்பால் சிக்னல் கிடைக்கும், உதவி கூப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு முறை வளைவைத் தாண்டிப் போய், ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்துவிட்டு, பேசிட்டேன், கிளம்பிட்டாங்க என்று வந்து சொன்னேன். அவன் முகத்தில் வந்த தெளிச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்று இருட்டின பிறகும் இருவரும் தூங்கவில்லை. போட்டியே இல்லை.

அடுத்த நாள் வெயில் ஏறிய பிறகு ஒரு நடைப்பயணி வந்தார். நீங்கள் கண்டுபிடித்துக் கூட்டி வந்தீர்களே, தாடிக்காரர், அவர்தான். அவர் சொன்னது அத்தனையும் சரி. மேலே வளைவுக்கு அவர் வந்துகொண்டிருந்தபோதே நான் எதிரே போய்விட்டேன். வண்டியும் மைத்துனனும் வளைவுக்கு அந்தப் பக்கம். ஓடைச் சத்தம் வேறு. முன்னால் பாதை சரிந்து கிடக்கிறது, ஆள்கூடப் போக முடியாது என்று சொன்னேன். நன்றி சொன்னார். என் கையில் இருந்த டீயை அவருக்கே கொடுத்தேன்.

"நீங்க மட்டும் தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஆமா, தனியாத்தான்," என்றேன். இனிமேல் எல்லோரும் கேட்கப்போகிற கேள்வி, நான் சொல்லப்போகிற பதில். அதை அப்போதே ஒரு முறை சொல்லிப் பார்த்தது போல இருந்தது. டம்ளரைக் கழுவியே கொடுத்தார். நல்ல வளர்ப்பு.

திரும்பிப் போனபோது அவன் கேட்டான், "யாரோட அத்தான் பேசினீங்க? ஏதோ குரல் கேட்ட மாதிரி இருந்துச்சே." காற்று, மாப்ளே, என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதற்குப் பிறகு ஜோக் அடிக்கவில்லை. குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மதியத்துக்கு மேல் போய்விட்டான். நான் எங்கள் முதல் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் 'ம்' கொட்டுவது நின்றுவிட்டது. கதையைக் கடைசிவரை சொல்லி முடித்தேன். பிறகு ஃபியூஸை மாட்டி, பட்டையைச் சுற்றி, பட்டனை அழுத்தினேன். பாறை பூப்போல எழுந்தது. அவனை என் கையால் துடைத்து, அவன் படுக்கையிலேயே படுக்க வைத்து, கட்டி, வண்டியை எடுத்தேன். முன்னால் நடந்து சைகை காட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நானே இறங்கி, நடந்து பார்த்துவிட்டு, ஏறி ஓட்டினேன். பின்னால் ஒரு தட்டு அசையவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் வண்டி ஓட்டியதில்லை, பார்க்கத்தான் யாரும் இல்லை.

டாக்டர் சொல்லித்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்ததாம், கல்லுக்கடியில் அவன் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறான் என்று. அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சீக்கிரமே தூக்கியிருந்தால் கால் போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பான் என்றும் சொன்னாராம். அதுவும் எனக்கு அப்போதே தெரியும். ஊன்றுகோலோடு விமானம் ஏறியிருப்பான்.

நேற்று அவன் மகள் வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, அப்பா தனியா கஷ்டப்பட்டுப் போயிடலையே?" என்று கேட்டாள். "இல்லம்மா, கடைசி நிமிஷம் வரைக்கும் நான் பக்கத்துலயே இருந்தேன்," என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மறைத்தால் நன்றாக இருக்காது. அந்த நடைப்பயணி போன பிறகு, மைத்துனன் என்னைக் கிட்டே கூப்பிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அத்தான், நான் எங்கேயும் போகலை. பொண்ணுகிட்ட சொல்லிடறேன். உங்க வீட்டுக்கே வந்துடறேன், சேர்ந்தே இருக்கலாம். என் பொண்ணு மேல சத்தியம். இப்ப இந்தக் கல்லைத் தூக்குங்க."

அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் கேட்க நினைத்ததும் அந்த ஒன்றைத்தான் மேடம். எழுந்துகூட நின்றுவிட்டேன். கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். வலியில் துடிக்கிற மனுஷன் எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வான். அந்த நேரத்தில் அதை வாங்கிக்கொண்டு, காலமெல்லாம் அவனை அவன் பேரனிடமிருந்து பிரித்து என் வீட்டில் கட்டிப்போடுவது நியாயமா? மறுபடி உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சுயநலக்காரன் இல்லை நான்.